மறுகட்டமைப்பில் இருக்கும் என்எஃப்எல் அணி: கோச்சின் டிராஃப்ட், ஆள்தேர்வு முடிவுகளை எடைபோடுவது எப்படி?

2022 அக்டோபர் கடைசியில், அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸின் கணக்கு ஒரு வெற்றி, ஆறு தோல்வி. அதற்கு முந்தைய சீசனில் மூன்று வெற்றி, 13 தோல்வி, ஒரு டிரா. அதாவது டான் காம்ப்பெல் தலைமைக் கோச்சாகி 24 ஆட்டங்களில் ஜெயித்தது நான்கே நான்கு. அன்றைக்கு அவரை அனுப்பிவிட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மறுத்துப் பேசுவது கஷ்டம். அடுத்த 15 மாதங்களில் அதே கோச், பெரும்பாலும் அதே மையக் குழுவை வைத்துக்கொண்டு, லீகின் கோப்பை ஆட்டமான சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதி ஆட்டம் வரை போனார்.

அந்த அக்டோபரிலேயே டிராஃப்டையும் ஆள் மாற்றங்களையும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. அமெரிக்க ஃபுட்பாலைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்களும் பின்பற்றலாம். லயன்ஸையே முழு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மாறுபட்டுப் பார்க்க ஹூஸ்டன், பிலடெல்பியா, பழைய டல்லாஸ் கதைகளும் வரும்.

புதியவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. என்எஃப்எல் டிராஃப்ட் ஐபிஎல் ஏலம் போல அல்ல, இங்கே பணத்தை வைத்துப் போட்டி கிடையாது. கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் வரிசையாக எடுப்பார்கள். போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பைத்தான் 'பிக்' என்கிறார்கள். பிக்கையே விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருடத்து பிக்கைக்கூட இப்போதே கொடுக்கலாம். எடுக்கப்பட்டவருக்கு நான்கு வருட ஒப்பந்தம், சம்பளம் ஏறக்குறைய பிக் எண்ணைப் பொறுத்து முன்பே முடிவானது. முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது வருடத்துக்கும் அணி உரிமை கோரலாம். எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2021இல் அது 182.5 மில்லியன் டாலர். அதனால் நல்ல டிராஃப்ட் என்பது நல்ல ஆட்டக்காரர் மட்டுமல்ல, நான்கு வருடத்துக்கு மலிவான நல்ல ஆட்டக்காரர். மறுகட்டமைப்பு மொத்தமும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

படி 1: கையெழுத்து யாருடையது என்று முதலில் பாருங்கள்

ரசிகர்கள் 'கோச் இவனை எடுத்தார்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலான அணிகளில் கடைசி வார்த்தை ஜெனரல் மேனேஜருடையது. லயன்ஸில் அது பிராட் ஹோம்ஸ். 2021 ஜனவரியில் அவரும் காம்ப்பெல்லும் ஒரே மாதத்தில் வந்தார்கள். எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று கோச் சொல்வார், ஸ்கவுட்டுகளைக் கொண்டு அதைத் தேடிப் பிடிப்பவர் மேனேஜர். அப்படிப்பட்ட அணியில் டிராஃப்டுக்கான பாராட்டையும் பழியையும் முழுக்கக் கோச் தலையில் கட்டக் கூடாது. எடுத்த ஆளை என்ன செய்தார் என்பதற்கு அவர்தான் பொறுப்பு.

கோச்சின் கையிலேயே எல்லா அதிகாரமும் இருக்கும்போது கதை வேறு. அங்கே நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஆரம்பிப்பேன். காரணம் எளிது. கோச்சுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்கியம், மறுகட்டமைப்புக்கு மூன்றாவது வருடம் முக்கியம். இரண்டு கடிகாரமும் ஒரே கையில் இருந்தால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஜெயிக்கும்.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸில் பில் ஓ'பிரையன் மோசமான கோச் அல்ல. நான்கு முறை டிவிஷன் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) பட்டம் வாங்கியவர். 2019 ஜூனில் மேனேஜரை நீக்கிய பிறகு ஆள் விவகாரங்களில் அவர் பேச்சுதான் செல்லுபடியானது. அந்த ஆகஸ்டில் மயாமியிலிருந்து லெஃப்ட் டேக்கிள் (தாக்குதல் முன்வரிசையின் இடது ஓரத்தில் நின்று காப்பவர்) லாரமி டன்ஸிலை வாங்க, 2020, 2021 இரண்டு வருடங்களின் முதல் சுற்று பிக்குகளையும் 2021இன் இரண்டாம் சுற்று பிக்கையும் கொடுத்தார். டன்ஸில் நல்ல ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் டெக்ஸன்ஸ் 2020இல் 4-12 (நான்கு வெற்றி, 12 தோல்வி) என்று சரிந்தபோது, அந்த முதல் சுற்று பிக் மூன்றாவது இடத்து பிக்காக மாறி மயாமியின் கைக்குப் போயிருந்தது. 2020 ஜனவரியில் ஓ'பிரையனுக்கு ஜெனரல் மேனேஜர் பட்டமும் முறைப்படி கிடைத்தது. மார்ச்சில் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை அரிஸோனாவுக்கு அனுப்பினார். தொடர்ந்து மூன்று வருடம் ஆல்-ப்ரோ (வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம்பெற்ற ரிசீவர், அதாவது பாஸைப் பிடிப்பவர் அவர். அவருக்கு ஈடாக முக்கியமாக வந்தவை: 2016க்குப் பிறகு இறங்குமுகத்தில் இருந்த, சம்பளமும் பெரிதான ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டேவிட் ஜான்சன், ஒரு இரண்டாம் சுற்று பிக். முதல் சுற்று பிக் ஒன்றுகூட வரவில்லை. அக்டோபரில் 0-4 என்று நின்றபோது ஓ'பிரையன் வேலையை இழந்தார்.

பிலடெல்பியாவில் சிப் கெல்லிக்கு 2015 ஜனவரியில் ஆள்தேர்வு அதிகாரம் வந்தது. ஒரே கோடையில் ரன்னிங் பேக் லெஷான் மெக்காயை அனுப்பினார், குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நிக் ஃபோல்ஸோடு ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்து இன்னொரு குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை வாங்கினார், ரன்னிங் பேக் டிமார்கோ முர்ரேக்கு ஐந்து வருடம் 40 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். டிசம்பர் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். (ஃபோல்ஸ் பின்னால் அதே பிலடெல்பியாவுக்குத் திரும்பி வந்து சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தது தனிக்கதை.)

ஆக, முதல் வேலை: ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே யார் பெயரை எழுதலாம் என்று பாருங்கள். தெரியாவிட்டால் இருவர் பெயரையும் எழுதுங்கள்.

படி 2: வந்த நாளில் அணி எப்படி இருந்தது

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். மூன்று விஷயம் போதும்: என்னென்ன பிக்குகள் கையில் இருந்தன, உச்சவரம்பில் எவ்வளவு இடம், 25 வயதுக்குக் கீழே உருப்படியானவர்கள் எத்தனை பேர். போன ஆட்டக்காரருக்கு ஏற்கனவே கொடுத்த முன்பணம் கணக்கில் மிச்சமிருந்தால், அவர் அணியிலேயே இல்லாதபோதும் உச்சவரம்பில் உட்கார்ந்திருக்கும். இதைச் செத்த பணம் என்கிறார்கள். முதல் வருடத்தில் இது அதிகமாக இருந்தால் புதியவர் மேல் கோபப்படாதீர்கள், பழையவரின் கடன் அது.

லயன்ஸ் 2020இல் 5-11. கோச், மேனேஜர் இருவரையும் சீசன் நடுவிலேயே அனுப்பியிருந்தார்கள். 12 வருடம் ஆடிய குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்ட் வேறு அணிக்குப் போக விரும்பினார். ஆனால் டேக்கிள் டெய்லர் டெக்கர், முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபிராங்க் ராக்னோ போன்றவர்கள் இருந்தார்கள். பழைய நிர்வாகம் எடுத்தவர்கள் என்பதற்காக அவர்களை ஒதுக்கவில்லை. ராக்னோவுக்கு 2021 மே மாதமே நீண்ட ஒப்பந்தம் கொடுத்தார்கள். புதிதாக வந்த கோச் முன்னவர் வைத்த ஆட்களை எல்லாம் துரத்துகிறாரா, பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறாரா என்பது முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிடும் நல்ல அறிகுறி.

படி 3: பெரிய வியாபாரத்தைக் கடைசி பிக் வரை பின்தொடருங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். ஒரு டிரேட் நடந்த அன்றைக்கே 'யார் ஜெயித்தார்கள்' என்று மார்க் போட்டுவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். வந்த பிக் வேறொரு பிக்காக மாறி, அது இன்னொன்றாக மாறி, கடைசியில் எந்த ஆளாக நின்றது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.

2021 ஜனவரி கடைசியில் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு வந்தவை: குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், 2021இன் மூன்றாம் சுற்று பிக், 2022 மற்றும் 2023இன் முதல் சுற்று பிக்குகள். காஃபுக்கு ராம்ஸ் போட்டிருந்த பெரிய ஒப்பந்தத்தையும் லயன்ஸ் சுமக்க வேண்டும். அன்றைக்குப் பலர் பார்வையில் காஃப் அந்தச் சுமையோடு சேர்ந்து வந்த உபரிதான்.

இனி கோடு போடுவோம். 2021இன் 101ஆவது பிக்கில் சேஃப்டி (தற்காப்பின் பின்வரிசையில் நிற்பவர்) இஃபியாட்டு மெலிஃபோன்வு வந்தார். ராம்ஸ் அந்த சீசனில் சூப்பர் பவுலே வென்றதால் 2022 பிக் 32ஆம் இடத்துக்குப் போய்விட்டது. அதோடு தங்கள் 34, 66ஐயும் சேர்த்து மினசோட்டாவிடம் கொடுத்து 12, 46 இரண்டையும் வாங்கினார்கள். 12இல் ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸ், 46இல் ஜாஷ் பாஸ்கல். அடுத்த வருடம் ராம்ஸ் 5-12 என்று விழுந்ததால் அந்த பிக் ஆறாம் இடத்துக்கு ஏறியது. அந்த 6ஐயும் 81ஐயும் அரிஸோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 வாங்கினார்கள். 12இல் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸ், 34இல் டைட் எண்ட் (பாஸ் பிடிப்பதும் எதிரியைத் தடுப்பதும் செய்பவர்) சாம் லபோர்ட்டா.

அதாவது ஒரு ஸ்டாஃபோர்டுக்குப் பதில் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், டைட் எண்ட், ரிசீவரில் ஒரு பங்கு, ஒரு சேஃப்டி. ராம்ஸுக்கும் நஷ்டமில்லை, கோப்பை கிடைத்துவிட்டது. ஒருவர் தோற்றால்தான் இன்னொருவர் ஜெயித்ததாக அர்த்தம் என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 2024 ஜனவரி 14 அன்று ஃபோர்டு ஃபீல்டில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் எதிரெதிரே நின்றார்கள். லயன்ஸ் 24-23 என்று ஜெயித்தது, 32 வருடங்களில் அவர்களின் முதல் ப்ளே-ஆஃப் வெற்றி.

பிக்குகளை ஒப்பிட ஒரு பழைய கருவி உண்டு: டல்லாஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் பிறந்த மதிப்புப் பட்டியல். முதல் பிக்குக்கு 3000 புள்ளி, அங்கிருந்து இறங்கிக்கொண்டே போகும். அதில் 12 என்றால் 1200, 32க்கு 590, 34க்கு 560, 46க்கு 440, 66க்கு 260. வில்லியம்ஸ் வியாபாரத்தைப் போட்டுப் பாருங்கள். கொடுத்தது 590, 560, 260, மொத்தம் 1410. வாங்கியது 1200, 440, மொத்தம் 1640. மேலே ஏறுகிற அணிதான் வழக்கமாக அதிகம் கொடுக்கும். இங்கே ஏறியவர்கள் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சொந்த டிவிஷன் எதிரியிடம். வில்லியம்ஸ் எப்படி ஆடினார் என்று தெரிவதற்கு முன்பே, விலை சரி என்று டிராஃப்ட் இரவிலேயே சொல்ல முடியும். அரிஸோனா வியாபாரமோ ஏறக்குறையச் சமம்: இந்தப் பக்கம் 1785, அந்தப் பக்கம் அதே அளவு. பட்டியல் பழசு, இப்போது வேறு பட்டியல்களும் வந்துவிட்டன. ஆனாலும் வாய்க்கு வந்ததைப் பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 4: எடுத்த ஆளை அன்று மேஜையில் இருந்தவர்களோடு வைத்துப் பாருங்கள்

டிராஃப்டை மதிப்பிடும்போது இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, வேறு வழியே இல்லாத தேர்வுக்குப் பாராட்டுவது. 2022இல் ஜாக்ஸன்வில் முதல் பிக்கில் ட்ராவன் வாக்கரை எடுத்ததும், இரண்டாவதாக நின்ற லயன்ஸ் ஏய்டன் ஹட்சின்சனை எடுத்தது. பக்கத்திலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், எல்லோர் பட்டியலிலும் மேலே இருந்தவர். பிரமாதமான ஆட்டக்காரர்தான். ஆனால் அந்தத் தேர்வுக்காக ஹோம்ஸுக்கோ காம்ப்பெல்லுக்கோ பெரிய மார்க் போட வேண்டியதில்லை. கெடுக்காமல் இருந்ததற்குக் கொஞ்சம் போடலாம்.

இன்னொன்று, எல்லாம் முடிந்த பிறகு 'அவனை விட்டுவிட்டார்களே' என்று கேட்பது. அந்த பிக் வரும்போது யார் யார் மிச்சம் இருந்தார்கள், அவர்களைப் பற்றி அன்று என்ன தெரிந்திருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். 2021இல் ஏழாம் பிக்கில் லயன்ஸ் டேக்கிள் பெனே ஸூவலை எடுத்தபோது குவார்ட்டர்பேக்குகள் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ் இருவரும் இருந்தார்கள். புதுக் கோச், புது மேனேஜர், குவார்ட்டர்பேக் இடத்தில் நம்பிக்கையில்லாத காஃப். இந்த நிலையில் ஒரு இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்துக் காட்டி ரசிகர்களைச் சமாதானப்படுத்துவதுதான் சுலபமான வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை. பேட்ரிக் சர்ட்டைன், மைக்கா பார்சன்ஸ் இருவரையும்கூட விட்டுத்தான் ஸூவலை எடுத்தார்கள். அவர்களும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். இருந்தாலும் ஸூவல் 2023, 2024 இரண்டு வருடமும் ஆல்-ப்ரோ முதல் அணி. மூன்று சரியான விடைகள் இருந்த கேள்வியில் ஒன்றை எழுதினார்கள், அவ்வளவுதான்.

2023 டிராஃப்ட் விவாதத்துக்கு உரியது. 12இல் ரன்னிங் பேக், 18இல் ஜாக் காம்ப்பெல் என்ற உள்வரிசை லைன்பேக்கர் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்). சம்பளச் சந்தையில் இரண்டுமே மலிவான இடங்கள். முதல் சுற்று பிக்கை விலை உயர்ந்த இடங்களுக்கு, அதாவது டேக்கிள், எட்ஜ் ரஷர் (எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்), கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைக் காவல் காப்பவர்), ரிசீவர் என்று, செலவழிப்பதுதான் கணக்குப் பார்ப்பவர்களின் வாதம். அன்று வந்த விமர்சனம் நியாயமானது. கிப்ஸ் 2024இல் 1,412 கெஜம் ஓடி, மொத்தம் 20 டச்டவுன் (களத்தின் முனையான எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்துவிட்டார். இருந்தாலும் 12இல் ரன்னிங் பேக் எனக்கு இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. ஏனென்றால் கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்ஸாலஸ் 17 வரை மேஜையில் இருந்தார், லயன்ஸின் ஓட்டையோ கார்னர்பேக்கில்தான் இருந்தது. அடுத்த டிராஃப்டில் முதல் இரண்டு பிக்குகளையும் (டெரியன் ஆர்னல்ட், என்னிஸ் ரேக்ஸ்ட்ரா) அவர்கள் கார்னர்பேக்குக்கே செலவிட்டார்கள் என்பதே போதிய சாட்சி. ஆள் நன்றாக ஆடினான் என்பதும் தேர்வு சரி என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டு மார்க் எழுதுங்கள்.

பிந்தைய சுற்றுகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்காம் சுற்றுக்குக் கீழே ஒருவர் முழுநேர ஆட்டக்காரராக வந்தாலே லாபம். லயன்ஸ் 2021இன் 112ஆம் பிக்கில் எடுத்த அமோன்-ரா செயின்ட் பிரவுன் அந்த வகை லாபம். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர். 2023இல் 119 பந்துகள் பிடித்து 1,515 கெஜம். தோல்விகளையும் எழுதுங்கள்: 2021இல் 41ஆம் பிக்கில் எடுத்த லீவை ஆன்வுஸுரிகே முதுகுக் காயத்தால் 2022 முழுவதும் ஆடவில்லை. 2023இல் மேலே ஏறி 96ஆம் பிக்கில் எடுத்த பிராட்ரிக் மார்ட்டின் களத்தில் தலை காட்டியதே அபூர்வம். 68இல் எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரிடமிருந்தும் ஒன்றும் தேறவில்லை.

படி 5: அனுப்பியவர்களையும் எண்ணுங்கள்

ஆள் எடுப்பது பேப்பரில் பெரிதாக வரும், அனுப்புவது வராது. மறுகட்டமைப்பில் கோச்சின் நிதானம் தெரிவது அனுப்புவதில்தான்.

2022 நவம்பர் 1. அணி 1-6. டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கன்சன், பழைய நிர்வாகம் எட்டாம் பிக்கில் எடுத்தவர், நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தவர். அவரை அதே டிவிஷனில் இருக்கும் மினசோட்டாவுக்கே கொடுத்தார்கள். முக்கியமாக வந்தவை 2023இன் இரண்டாம் சுற்று பிக்கும் 2024இன் மூன்றாம் சுற்று பிக்கும். வேலை ஊசலாடுகிற கோச் நடு சீசனில் தன் நல்ல ஆட்டக்காரரை விற்க மாட்டார். இங்கே விற்றார்கள், அதற்கப்புறம் மீதி பத்து ஆட்டங்களில் எட்டில் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் லபோர்ட்டா, புதுமுக டைட் எண்டுக்கான அன்றைய சாதனையாக, 86 பந்துகள் பிடித்தார். அன்று அக்டோபரில் தீர்ப்பு எழுத உட்கார்ந்தவர் ஒரு வாரம் பொறுத்து இந்த வியாபாரத்தைப் பார்த்திருந்தால், இவர்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறார்கள் என்று புரிந்திருக்கும்.

இதற்கும் தைரியம் முதலாளியிடமிருந்துதான் வந்தது என்பதை விட்டுவிடக் கூடாது. அந்த வாரத்துக்குச் சற்று முன்பு, 1-5 என்று இருந்தபோது, உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் தானே செய்தியாளர்களிடம் வந்து இந்தக் குழுமேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னார்.

ஜமால் வில்லியம்ஸ் கதை இன்னும் கூர்மையானது. 2022இல் 17 முறை ஓடி டச்டவுன் அடித்து, பாரி சாண்டர்ஸ் வைத்திருந்த லயன்ஸ் சாதனையை முறியடித்தார். ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஒப்பந்தம் முடிந்ததும் போகவிட்டு, டேவிட் மான்ட்கோமரியை எடுத்தார்கள். வில்லியம்ஸ் அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸில் ஓடி அடித்தது ஒன்றே ஒன்று. சரி, எல்லா விடுதலையும் இப்படி முடியாது. இன்னொரு ரன்னிங் பேக் டிஆண்ட்ரே ஸ்விஃப்டை 2023 ஏப்ரலில் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். அவர் அந்த சீசனில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். இரண்டையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எண்ணினால் அது ரசிகர் மன்ற மலர் ஆகிவிடும்.

படி 6: கோச்சுக்கு மட்டுமே உரிய மார்க்

டிராஃப்டில் கோச்சின் பங்கு எவ்வளவு என்று சண்டை போடலாம், ஆட்களை வளர்ப்பதில் சண்டைக்கே இடமில்லை. இரண்டு கேள்விகள் போதும்: இரண்டாம் வருடத்தில் ஆட்டக்காரர்கள் முன்னேறுகிறார்களா? தன் உதவிக் கோச்சுகள் விஷயத்தில் தப்பை ஒப்புக்கொண்டு மாற்றுகிறாரா?

2021இல் தாக்குதல் வரிசையின் பொறுப்பு ஆண்டனி லின்னிடம் இருந்தது. சீசன் பாதியில் ஆட்டம் சொல்லும் வேலையை, அதாவது ஒவ்வொரு முறையும் என்ன உத்தி என்று முடிவெடுப்பதை, காம்ப்பெல் தானே எடுத்துக்கொண்டார், டைட் எண்ட் கோச்சாக இருந்த பென் ஜான்சனுக்குப் பொறுப்பைக் கூட்டினார். 2022இல் அவரையே தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக்கி ஆட்டம் சொல்லும் வேலையையும் ஒப்படைத்தார். காஃபின் எண்களைப் பாருங்கள்: 2021இல் 19 டச்டவுன் பாஸ், 2022இல் 29, 2023இல் 30. அதே ஆள், வேறு உதவி. ஒப்பந்தச் சுமையோடு வந்தவருக்கு 2024 மே மாதம் நான்கு வருடம் 212 மில்லியன் டாலர் கிடைத்தது.

எச்சரிக்கை ஒன்று. திடீரென்று மின்னுகிறவரை வளர்ச்சி என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 2022இல் ஆறாம் சுற்றில் வந்த ஜேம்ஸ் ஹூஸ்டன் ஏழே ஆட்டங்களில் எட்டு சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்துவது) எடுத்தார். என்ன கண்டுபிடிப்பு என்று ஊரே கொண்டாடியது. காயம், பிறகு வாய்ப்புக் குறைவு. 2024 நவம்பரில் அணி அவரை விடுவித்துவிட்டது.

படி 7: முதல் வருடத்து ஸ்கோரை எப்படி வாசிப்பது

3-13-1 என்ற எண்ணுக்குள் போய்ப் பாருங்கள். 2021 செப்டம்பர் 26: பால்டிமோரின் ஜஸ்டின் டக்கர் 66 கெஜத்திலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு எகிறி உள்ளே விழுந்து, லயன்ஸ் 19-17 என்று தோற்றது. இரண்டு வாரம் கழித்து மினசோட்டாவிடமும் கடைசி நொடி உதையில் அதே 19-17. நவம்பரில் பிட்ஸ்பர்கோடு 16-16 டிரா. இவை துரதிர்ஷ்டம் என்று சொல்லி மன்னித்துவிடச் சொல்லவில்லை. திறமை குறைந்த அணி கடைசி நிமிடம் வரை ஆட்டத்தில் இருந்தது என்பது ஒரு தகவல், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 38-10, 44-6 என்று அதே அணி நசுங்கிய ஆட்டங்களும் அந்த சீசனில் உண்டு, அவையும் தகவல்தான்.

டிசம்பர் 5 அன்று முதல் வெற்றி வந்தது. மினசோட்டா 27-23 என்று முன்னிலை. கடைசி நான்கு நொடி, நான்காவது டவுன் (கடைசி முயற்சி), பந்து 11 கெஜக் கோட்டில். காஃப் எறிந்தார், எண்ட் ஸோனில் செயின்ட் பிரவுன் பிடித்தார். அவருடைய வாழ்க்கையின் முதல் டச்டவுன் அது. ஸ்டாஃபோர்ட் வியாபாரத்தில் சுமையாக வந்தவர் எறிய, 16 ரிசீவர்களுக்குப் பிறகு எடுக்கப்பட்டவர் பிடித்தார். ஜெயித்தது ஒன்று, தோற்றது பத்து என்று பட்டியலில் வந்த நாளில், ஆள்தேர்வு எப்படிப் போகிறது என்று பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான ஆட்டம் அந்த சீசனில் இல்லை.

ஆனால் இரண்டாம் வருடத்தின் பின்பாதிக்கும் இந்தச் சலுகையை நீட்டாதீர்கள். ஜிம்மி ஜான்சன் டல்லாஸை 1989இல் எடுத்தபோது 1-15. அந்த சீசன் நடுவிலேயே தன் மிகப்பெரிய நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்கு விற்று, பதிலுக்கு வந்த ஆட்டக்காரர்களைவிட அவர்களோடு கட்டப்பட்டிருந்த பிக்குகளைக் குறிவைத்தார். அடுத்த வருடம் 7-9, பிறகு 11-5, பிறகு 13-3, சூப்பர் பவுல். காம்ப்பெல்லுக்கு 3-13-1, 9-8, 12-5, 15-2. இரண்டிலும் இரண்டாம் வருடத்தில் ஒரு திருப்பம் தெரிகிறது. அது தெரியாவிட்டால், எத்தனை நல்ல பிக்குகள் சேர்த்திருந்தாலும் கேள்வியைக் கடுமையாகக் கேட்கலாம். (1992 ஜனவரியில், லயன்ஸின் 32 வருடக் காத்திருப்புக்கு முந்தைய அந்தக் கடைசி ப்ளே-ஆஃப் வெற்றியும் இதே ஜான்சனின் டல்லாஸுக்கு எதிராகத்தான், 38-6.)

படி 8: இறுதி மார்க் எப்போது

என் பதில்: இரண்டாவது ஒப்பந்தம் வரும்போது. எடுத்த அணியே, நான்கு வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, சந்தை விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்கிறதா? அதைவிட நேர்மையான மதிப்பீடு கிடையாது. 2021 வகுப்பில் ஸூவலுக்கு நான்கு வருடம் 112 மில்லியன், செயின்ட் பிரவுனுக்கு 120 மில்லியன், இரண்டும் 2024 ஏப்ரலில். அந்த அக்டோபரில் டிஃபென்சிவ் டேக்கிள் அலிம் மெக்நீல், அடுத்த மார்ச்சில் லைன்பேக்கர் டெரிக் பார்ன்ஸ். ஏழு பேரை எடுத்த டிராஃப்டில் நான்கு பேருக்கு இரண்டாவது ஒப்பந்தம் என்பது சாதாரணமில்லை. 2022 வகுப்பில் 97ஆம் பிக்கில் வந்த சேஃப்டி கெர்பி ஜோசஃபுக்கும் கிடைத்தது.

தாளில் இப்படிக் கட்டம் போடுங்கள்: பெயர், பிக் எண், அன்று மேஜையில் இருந்த மூன்று மாற்று ஆட்கள், கொடுத்த விலை, இரண்டாம் வருட முன்னேற்றம், இரண்டாவது ஒப்பந்தம். முதல் நான்கு கட்டங்களை டிராஃப்ட் நடந்த வாரமே நிரப்பிவிட்டு, அதற்கப்புறம் கை வைக்காதீர்கள். கடைசி இரண்டுக்கு மட்டும் காத்திருங்கள்.

லயன்ஸ் கணக்கைத் தொடர நினைப்பவர்கள் 2025 ஜனவரியில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பென் ஜான்சன் சிகாகோவுக்கும் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஆரன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் தலைமைக் கோச்சுகளாகப் போனது அந்த மாதம்தான். அதற்குப் பிந்தைய டிராஃப்டுகளை இதே தாளில் சேர்க்காமல் புதுத் தாளில் தொடங்குங்கள். காஃப் அதன் முதல் வரியில் வரட்டும்.